நான்கு விரல்

இடது குழலின் மேல் நான்கு பழுப்புத் தடங்கள்.
மறுபக்கம் பெருவிரல், கொஞ்சம் மங்கலாக.
யாரோ இரும்பைப் பிடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
இரும்பு அந்தப் பிடியை விடவில்லை.

லிம் சூ காங், மழை மாதம்.
ஜலசந்திக் காற்று கதவிடுக்கில் நுழைந்து
அலமாரிகளை ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்க்கிறது.
மானியில் எண்பத்தெட்டு.
ஈரம் உறிஞ்சும் எந்திரத்தின் வாளியை
மதியமே ஒருமுறை கொட்டிவிட்டேன்.
இருந்தும் அறைக்குள் காயாத துணியின் வாசம்.

துப்பாக்கி ரொஸ்னாவுடையது.
பல் மருத்துவர். மணிக்கட்டில் அறுவை,
நான்கு மாதமாய் வரவில்லை.
மரப்பிடியைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள்;
களிமண் தட்டு வானத்தில் பொடியானதும்
முதலில் துணியைத்தான் தேடுவாள்.
இது அவள் கையில்லை.

குழலைக் கழற்றி விளக்கின் கீழ் கிடத்தினேன்.
துருவின்மேல் எண்ணெய் விட்டு
ஒரு தே ஓ குடிக்கும் நேரம் சும்மா இருந்தேன்.
அவசரக்காரன் உப்புத்தாள் எடுப்பான்;
துருவோடு நீலப்பூச்சும் போய்
இரும்பு அம்மணமாய் நிற்கும்.
நான் எடுத்தது நாலு சைபர் எஃகுக் கம்பளி,
எண்ணெயில் நனைத்து, நீளவாக்கில்,
தூங்குகிறவன் முகத்தில் கொசுவை விரட்டுகிற அழுத்தம்தான்.
சுண்டுவிரல் முதலில் போனது.
மோதிரவிரல்.
நடுவிரலில் கை நின்றது.

குறுக்கே ஒரு கோடு,
துருவே ஏறாத மயிரளவு இடைவெளி.
என் இடக்கையைத் திருப்பிப் பார்த்தேன்.
நடுவிரலில், எப்போதோ டின் மூடி கிழித்த தழும்பு.

தீபாவளி இரவு.
வெடி வெடிக்க விடாத ஊரில்
நூற்றுப் பன்னிரண்டு துப்பாக்கிகளோடு பண்டிகை எனக்கு.
இரண்டாம் சாவிக்காரன் ஹெங் சூன்
வாசலில் நாற்காலி போட்டுக் கைப்பேசியில் பந்தாட்டம் பார்த்தான்.
வீட்டிலிருந்து வந்த காராசேவை அள்ளித் தின்று
கையைக் கால்சட்டையில் துடைத்து
எண் சரிபார்க்க இதைத் தூக்கினேன்.
கையுறை பைக்குள் மடித்த மடிப்புக் கலையாமல்.
பதிவேட்டில் என் கையெழுத்து:
'சோதித்தது. துரு இல்லை.'
அன்று இல்லைதான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இரும்பு அதை எழுத்துப் பிசகாமல் செய்கிறது.
உள்ளளவும் என்றால் உள்ளே, இன்னும் உள்ளே,
குழி விழும்வரை.

மிச்ச விரல்களையும் எடுத்தேன்.
உட்புறத்துக்கு வெண்கலத் தூரிகை,
தோட்டா அறையிலிருந்து வாய்வரை ஒரே தள்ளு;
பாதியில் மனம் மாறக்கூடாது.
துணித்துண்டு ஒன்று கறுப்பாய் வந்தது.
ஒன்று தேநீர் நிறத்தில்.
ஏழாவது, வெள்ளை.
பிறகு எண்ணெய், பூசியதே தெரியாத அளவு.
கூடினால் வழிந்து மரத்துக்குள் இறங்கும்,
வாய் கீழே பார்க்க நிறுத்திவைத்தேன்.
கம்பளி உறையைத் தூக்கி வெளியே போட்டேன்,
பகலில் ஈரத்தைக் குடித்து
இரவெல்லாம் இரும்புக்கு ஊட்டுகிற உறை.

சனிக்கிழமை வந்தாள்.
குழலை ஜன்னலுக்கு நேரே உயர்த்தி ஒரு கண்ணை மூடினாள்.
உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாய்ப் போயிருக்கும்.
"சொத்தை இல்லை" என்றாள்.
வெளிப்புறம் தடவிக்கொண்டு வந்த விரல்
நீலம் ஒரு பொட்டுக் குறைந்த இடத்தில் நின்றது.
நான்கு விரலையும் அங்கே வைத்துப் பார்த்தாள்.
பொருந்தவில்லை.

"பக்கிரி, இந்தக் கை பெருசு."
மலாயில் சொன்னாள், சிரிக்காமல்.

பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன்.
பழைய வரி அடிக்கப்படாமல் அப்படியே.
அதன் கீழே காய்ந்துபோன மையில்:
'துரு இருந்தது. என் கை.'

படித்தாள். தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டு
மூன்றாம் மேடைக்கு நடந்தாள்.
மழை விட்டிருந்தது.
நான் கை கழுவப் போனேன்.